ஊர் மூழ்கும்போது நீங்கள் கச்சேரிப் பயணத்தில் இருந்தால்

ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி இசையை வாசித்துப் பிழைக்கும் நாங்கள் வசந்தம் பிறந்ததும் பயணத்துக்கு வேன் ஏறிவிடுவோம். திறந்தவெளி விழாக்கள் தொடங்கும் காலம் அது. எங்கள் டென்னசி மாநிலத்தில் பெருமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். 2010 மே 1, 2 தேதிகளில் அதன் தலைநகரான நாஷ்வில்லில் 13 அங்குலத்துக்கு மேல் மழை பெய்தது. நான் அப்போது வட கரோலினாவில் மாண்டலின் வாசித்துக்கொண்டிருந்தேன். மற்ற வாத்தியங்கள் நாஷ்வில்லில் மில் க்ரீக் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டில். அதன் பிறகு நான் பழக்கமாக்கிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதில் பாதி, காகித வேலை. ஒவ்வொரு வாத்தியத்தையும் முன்பக்கம், பின்பக்கம், உள்ளே ஒட்டிய சீட்டு, வரிசை எண் எல்லாம் தெரியப் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள். காப்பீட்டுத் தாளை உட்கார்ந்து படியுங்கள். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வாடகைக்கு இருப்பவர்களின் பாலிசியும் அப்படித்தான். அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் வழக்கமாக 30 நாள் கழித்தே அது அமலுக்கு வரும். ஆகவே வானம் கறுத்த பிறகு வாங்கிப் பயனில்லை. அந்தத் திட்டம் வீட்டுப் பொருட்களுக்கு அதிகபட்சம் 1,00,000 டாலர் வரை தரும். ஆனால் நிலவறையில் வைத்த பொருட்களில் துவைக்கும் இயந்திரம் போன்ற சிலவற்றைத் தவிர எதற்கும் தராது. நம்மில் எத்தனை பேர் நிலவறையை வாசிப்பு அறையாக வைத்திருக்கிறோம்! சம்பாதிக்கும் வாத்தியத்துக்குத் தனிக் காப்பீடு எடுங்கள். இசைக் கலைஞர்கள் சங்கம் வழியாகவும் அது கிடைக்கும்.

மீதிப் பாதி, அண்டை வீட்டாரில் ஒருவர். அவரிடம் சாவி இருக்க வேண்டும், எதை முதலில் எடுப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் ஒருவருக்கு பேஞ்சோ பெட்டியும் கிட்டார் பெட்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் முதலில் தூக்க வேண்டியவற்றில் சிவப்பு நாடா ஒட்டிவைக்கிறேன். அதோடு ஒரு வாக்கும் வாங்கிக்கொள்கிறேன்: தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் எதற்காகவும் இறங்கக் கூடாது. ஓடும் நீர் 6 அங்குலம் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். ஓர் அடி இருந்தால் சிறிய காரை இழுத்துப் போகும். எந்த மாண்டலினும் அதற்கு ஈடில்லை.

இனி, வேனில் இருக்கும்போது செய்தி வருகிறது என்று வையுங்கள். கைபேசியில் வரும் வீடியோக்களை விட்டுவிட்டு, தேசிய வானிலைச் சேவை வெளியிடும் ஆற்று மட்டத்தைப் பாருங்கள். ஓடைகள் மழையோடு ஏறும். பேராறு நிதானமாக ஏறும். 2010-இல் மழை ஞாயிறு இரவோடு ஓய்ந்துவிட்டது. நாஷ்வில் வழியே ஓடும் கம்பர்லாந்து ஆறோ திங்கள் மாலைதான் 51.86 அடிக்கு உயர்ந்து நின்றது. அங்கே 40 அடியைத் தாண்டினாலே வெள்ளம். 'வெயில் அடிக்குது, பயமில்லை' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அன்றிரவு வாசிப்பதா, ஊருக்கு ஓடுவதா? வீட்டில் பிள்ளைகளோ வயதானவர்களோ சிக்கியிருந்தால் கேள்வியே இல்லை, கிளம்புங்கள். எல்லோரும் பத்திரம் என்று தெரிந்தால் வாசியுங்கள் என்பதே என் கருத்து. அந்த மே மாதம் ஊருக்குள் வரும் 24-ஆம் எண் நெடுஞ்சாலையே ஓரிடத்தில் தண்ணீருக்கடியில் கிடந்தது. போயும் உள்ளே நுழைய முடியாது. கச்சேரியை விட்டால் கூலியும் போய்விடும், பழுதுபார்க்கக் காசு வேண்டும் அல்லவா? குழுவில் ஒருவரைத் தகவல் பார்ப்பவராக வையுங்கள், மேடையேறும்போது மற்றவர்கள் கைபேசியை அணைத்துவிடலாம். ப்ளூகிராஸில் வெள்ளத்தைப் பற்றிய பாட்டுகள் நிறைய உண்டு. அன்று அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடும்போது ஒருவர் குரல் உடைந்தால் எல்லோர் குரலும் உடையும்.

ஊர் திரும்பியதும் முதலில் மின்சாரம். ஈரமான இடத்தில் நின்று எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். வெள்ள நீரில் சாக்கடை கலந்திருக்கும், கையுறை கட்டாயம். எதையும் தூக்கிப் போடும் முன் படம் எடுங்கள். காப்பீட்டு ஆள் பார்க்கும்வரை உடைந்த வாத்தியத்தையும் வைத்திருங்கள். அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் உதவிக்கும் உடனே பதிவு செய்யுங்கள். இசைக்காரர்களுக்காகவே இயங்கும் மியூசிகேர்ஸ் அமைப்பிடம் கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

நனைந்த வாத்தியத்துக்கு வருவோம். பெட்டியிலிருந்து உடனே வெளியே எடுங்கள். உள்ளே ஒட்டிய வெல்வெட் துணி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும். தந்திகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஃபிடிலாக (வயலின்) இருந்தால் தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டையும், உள்ளே விழுந்துகிடக்கும் சிறு மரத்தூணையும் ஓர் உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். சேற்றைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த மணலைத் தேய்த்தால் வார்னிஷ் போய்விடும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில், மெதுவாகக் காயட்டும். வெயிலோ ஹீட்டரோ ஹேர் டிரையரோ வேண்டவே வேண்டாம். வேகமாகக் காய்ந்த பலகை வெடிக்கும்.

பழைய ஃபிடில் மூட்டுவிட்டுக் கழன்றால் கலங்காதீர்கள். அது தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையால் ஒட்டியது. தண்ணீரில் இளகும், மறுபடி ஒட்டவும் வரும். என் ஃபிடில் அப்படித்தான் பிழைத்தது. நீங்களே வேறு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், அதைப் பிரித்தெடுக்கவே பழுதுபார்ப்பவருக்கு இரட்டை வேலையாகிவிடும். பேஞ்சோவில் உலோகப் பகுதிகளைக் கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். ஆள் உயரத்துக்கு இருக்கும் பிளைவுட் டபுள் பேஸ்தான் கஷ்டம், அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

வாத்தியக் கிடங்கில் கொடுத்து வைப்பவர்களும் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாஷ்வில்லின் சவுண்ட்செக் கிடங்கு ஆற்றங்கரையில் இருந்தது. பிராட் பெய்ஸ்லி, கீத் அர்பன் போன்ற கன்ட்ரி இசை நட்சத்திரங்களின் கிட்டார்களும் அங்கே மூழ்கின. வாராவாரம் வானொலியில் ஒலிக்கும் புகழ்பெற்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையிலேயே 46 அங்குலம் தண்ணீர் நின்றது. ஆனாலும் ஆப்ரி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வேறு அரங்குகளில் நடத்தி, செப்டம்பர் 28 அன்று தன் மேடைக்குத் திரும்பியது.

பழுதுபார்ப்பவர்களிடம் ஊரே வரிசையில் நிற்கும். திரும்பிய அன்றே போன் செய்து பெயரைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரக் கச்சேரிக்கு யாரிடமாவது வாத்தியம் இரவல் கேளுங்கள், கொடுப்பார்கள். இரண்டு நாள் முன்பே வாங்கி அதன் கழுத்துக்குக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.