ரஸ்ட்: முதல் நாளே பேஸைப் பறிகொடுக்காமல் முன்னேறுவது எப்படி?

பலர் ஒரே சர்வரில் ஆடும் உயிர்பிழைப்பு கேமான ரஸ்டில் ஈஸி, ஹார்டு என்ற தேர்வே கிடையாது. உங்கள் ஆளுக்கு லெவலும் ஏறாது. 2018 பிப்ரவரியில் முழுமையாக வெளியான இந்த கேமில் கஷ்டம் என்பது பெரும்பாலும் எதிரே வரும் ஆட்டக்காரர்தான். செத்தால் கையில் இருந்தது அத்தனையும் போச்சு. கற்றுக்கொண்ட ப்ளூபிரிண்டும் (பொருள் செய்யும் முறை) பேஸில், அதாவது உங்கள் வீட்டில், பூட்டி வைத்ததும்தான் மிஞ்சும். அதனால் மூட்டையைச் சுமந்து திரியாதீர்கள். சேரச் சேரச் செலவழியுங்கள்.

படி 1: கருவி. கடற்கரையில் ஒரு கல்லோடு எழுவீர்கள். மரத்தில் தெரியும் சிவப்புப் பெருக்கல் குறியிலேயே அடியுங்கள், மரம் சீக்கிரம் விழும். 200 மரமும் 100 கல்லும் இருந்தால் கல் கோடாரி ரெடி. பாறை உடைக்கும் கல் பிக்காக்ஸுக்கும் அதே அளவுதான்.

படி 2: ஸ்லீப்பிங் பேக். காட்டுச் சணல் செடி ஒன்றுக்கு 10 துணி. மூன்று செடி பறித்தால் 30. ஒரு பேக் தைத்துவிடலாம். பேஸ் கட்டப்போகும் இடத்தருகே புதரில் விரித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், செத்ததும் தீவின் ஏதோ ஒரு மூலையில் எழுந்து, பாதி கட்டிய வீட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

படி 3: பேஸ். இங்கேதான் புதியவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பெரிதாக வேண்டாம், இரண்டு சதுர அஸ்திவாரம் போதும். வெளியே 5 சுவர், ஒரு வாசல். நடுவில் இன்னொரு வாசல். மேலே 2 கூரை. முதலில் குச்சியில் கட்ட 470 மரம். பிறகு கல்லுக்கு மாற்ற அஸ்திவாரம் 600, சுவர் 1,500, வாசல்கள் 420, கூரை 300, ஆக 2,820 கல். அதுவரை வெளியே சுற்றப் போகாதீர்கள். குச்சிச் சுவரைக் கையிலுள்ள கல்லாலேயே உடைத்துவிடுவார்கள்.

உள் அறையில் டூல் கப்போர்டு வையுங்கள் (1,000 மரம்). அது இல்லாவிட்டால் உங்கள் சுவரை ஒட்டி யார் வேண்டுமானாலும் கட்டலாம். அதற்குள் மரமும் கல்லும் போட்டு வைக்க மறந்தால் பேஸ் தானாகவே சிதையும்.

கல் சுவருக்கு ஒரு பக்கம் பலவீனம். அது வெளியே பார்த்தபடி இருந்தால் பிக்காக்ஸாலேயே குடைந்து வந்துவிடுவார்கள். கட்டிய 10 நிமிடத்துக்குள் சுத்தியலால் திருப்பிக்கொள்ளலாம்.

மரக் கதவை நம்பாதீர்கள், தீ வைத்தே திறந்துவிடுவார்கள். தாதுவை உருக்கி இரண்டு தகரக் கதவு போடுங்கள்; ஒன்றுக்கு 150 உலோகத் துண்டு. வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். வாசலில் பதுங்கியிருப்பவன் காத்திருப்பதே இரண்டும் ஒன்றாகத் திறக்கும் அந்த நொடிக்குத்தான்.

படி 4: ஒர்க்பெஞ்ச் (மேம்பட்ட பொருட்களைச் செய்யும் மேசை). முதல் நிலைக்கு 500 மரம், 100 உலோகத் துண்டு, 50 ஸ்க்ராப் (பழைய உதிரிகள்). சாலையோர பீப்பாய் ஒன்றில் 2 ஸ்க்ராப், ஆக 25 பீப்பாய். அப்டேட்டில் இந்த அளவுகள் மாறக்கூடும், கிராஃப்ட் மெனுவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெஞ்ச் வந்ததும் மிச்ச ஸ்க்ராப்பை டெக் ட்ரீயில் (ப்ளூபிரிண்ட் கற்கும் பட்டியல்) போட்டுவிடுங்கள். பேஸை உடைத்துக் கொள்ளையடிக்கும் ரெய்டில் கற்ற ப்ளூபிரிண்டை யாரும் தூக்க முடியாது.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை மேப் கட்டாயமாக வைப் ஆகும், அதாவது கட்டியதெல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும். புதன்கிழமை இரவு சேர்ந்துவிட்டு மறுநாள் வீட்டைத் தேடாதீர்கள்.