மூத்த நாயும் பூனையும் உள்ள வீட்டுக்குக் குட்டி நாய் வரும்போது: முதல் இரண்டு கிழமை

குட்டிக்குக் குறைந்தது 8 கிழமையாவது ஆகியிருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதுக்கு நோகும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்ததுகளோடு உருண்டு பிரண்டுதான் படிக்கிறது. அதைப் படிக்காமல் வந்த குட்டி, வீட்டு நாயின் காதைப் பிடித்துத் தொங்கும். பல வீடுகளில் சண்டை அப்படித்தான் தொடங்குகிறது.

கொண்டுவர முன்

மூத்த நாய்க்கும் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி தவணை தப்பாமல் போட்டிருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வயிற்றுப் பூச்சிக்கான மருந்து கொடுங்கள். குட்டிக்குப் பார்வோ (கடும் வயிற்றோட்டம் தரும் கிருமி) போன்றவற்றுக்கு 6 முதல் 8 கிழமைக்குள் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறையாக 16 கிழமை வரை. விசர்நோய் ஊசியை எப்போது போடுவது என்பதை மிருக வைத்தியர் சொல்லட்டும்.

உண்ணி மருந்து வாங்கும்போது வீட்டில் பூனை இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. நாயின் முதுகில் பூசிய மருந்து காய முன் பூனை அதை உரசிவிட்டுத் தன் மயிரை நக்கினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்து பொட்டுகளை அடையுங்கள். பெரிய நாய் நுழையாத பொட்டுக்குள்ளால் குட்டி ஒழுங்கைக்குப் போய்விடும். கிணற்றுக்கட்டு பதிவாக இருந்தால் கம்பி வலை போட்டு மூடுங்கள்.

குட்டிக்கு ஒரு மூலை

விறாந்தையின் ஒரு பக்கத்தை 2 அடி உயரப் பலகையால் மறித்தால் போதும். குட்டி தாண்டாது, பூனை தாண்டும். உள்ளே சாக்கு, தண்ணீர்க் கோப்பை, பழைய கடதாசி. முதல் 2 நாளும் மூத்ததுகளோடு நேருக்கு நேர் விடாதீர்கள். பழைய சாரத்தைக் கிழித்து ஒரு துண்டால் குட்டியைத் துடைத்து, அதை மூத்த நாய் படுக்கும் இடத்தில் போடுங்கள். நாயைத் துடைத்த துண்டு குட்டியிடம். பூனைக்கும் இப்படியே. துண்டை மணந்துவிட்டுப் பேசாமல் போனால் அடுத்த படிக்குப் போகலாம். உறுமினால் இன்னும் 2 நாள் பொறுங்கள்.

நாயும் குட்டியும் சந்திக்கும் இடம்

நாய் பகலெல்லாம் சங்கிலியில் நிற்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. கட்டியிருக்கும் நாயிடம் குட்டியை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். விலகிப் போக வழியில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றுதான் மிச்சம். படலையடியும் வேண்டாம், அது அவன் காவல் காக்கிற இடம்.

பொது இடம் என்று ஒழுங்கையில் இறக்குவதும் ஆபத்து. தெருநாய்கள் திரிகிற மண்ணில் பார்வோ கிருமி மாதக்கணக்கில் கிடக்கும், ஊசி முடியாத குட்டிக்கு அது உயிராபத்து. நாய் வளர்க்காத அயல்வீட்டு முற்றம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் உங்கள் வளவிலேயே நாய் அதிகம் படுக்காத கோடிப்புறம்.

ஆளுக்கொரு கயிற்றோடு இரண்டு பேர் வேண்டும். கயிறு தொய்ந்திருக்கட்டும், இழுத்துப் பிடித்தால் உங்கள் பதற்றம் நாய்க்குப் போய்விடும். முதலில் 10 அடி தள்ளி நடத்துங்கள். பிறகு நாய் தானாக வந்து குட்டியின் பின்பக்கத்தை மணக்க விடுங்கள். 3 வினாடி மணந்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு அவித்த கோழி. எல்லாம் 5 நிமிடத்துக்குள் முடியட்டும்.

வாயைத் திறந்து, உடலை நெளித்து, வாலைத் தளர்வாக ஆட்டினால் நல்லது. வாய் இறுக மூடி, உடல் விறைத்து, கண் குட்டியிலேயே குத்தி நின்றால் உடனே அப்பால் நடத்துங்கள். வால் ஆடினாலும் நம்பாதீர்கள். விறைத்து மேலே நின்று ஆடும் வால் சண்டைக்கு முன்னும் ஆடும்.

உறுமலுக்கு அடிக்கவே கூடாது. "போதும், தள்ளிப் போ" என்று நாய் சொல்கிற ஒரே சொல் அது. அடித்து அடக்கினால் பிறகு உறுமாமலே கடிக்கும். வயதான நாய்க்கு இடுப்பு நோவும் இருக்கலாம், அதன் பொறுமை சின்னது. குட்டியைத்தான் தூக்கி விலக்க வேண்டும்.

பூனை

பூனைக்கு வேண்டியது உயரமும் ஓட ஒரு வழியும். அலுமாரி மேல், மதில், யன்னல் கட்டு என்று குட்டிக்கு எட்டாத இரண்டு இடமாவது இருக்கட்டும். கையில் தூக்கிக்கொண்டுபோய்க் குட்டிக்குக் காட்டாதீர்கள், கீறல் உங்களுக்குத்தான். குட்டி கயிற்றில் இருக்க, பூனை மேலிருந்து பார்க்கட்டும். சீறுவதும் கையால் ஒரு தட்டு தட்டுவதும் சரி. நகம் கண்ணில் பட்டால் மட்டும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் ஒளிந்திருந்தாலும் கேளுங்கள். பட்டினி கிடக்கிற பூனையின் ஈரல் கெட்டுவிடும்.

சாப்பாடு

மூன்றுக்கும் மூன்று இடம். 3 மாதம் வரை குட்டிக்கு நாளுக்கு 4 நேரம், பிறகு 6 மாதம் வரை 3 நேரம். பூனையின் கோப்பை உயரத்தில். 15 நிமிடத்தில் கோப்பைகளை எடுத்துவிடுங்கள், காலிக் கோப்பைக்கும் நாய் காவல் காக்கும். வெங்காயம், உள்ளி போட்ட கறிச்சோறும், சமைத்த கோழி எலும்பும் எதற்கும் வேண்டாம்.

சேர்த்து விடுவது

ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை, 10 நிமிடம் சேர்த்து விட்டால் முதற்கிழமைக்குப் போதும். குட்டி 18 மணித்தியாலத்துக்கு மேல் தூங்கும், களைத்த குட்டிதான் கண்டபடி கடிக்கும். இரவில் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்க்கிற வீட்டில், குட்டி உள்ளே போய்க் கதவு பூட்டியதைப் பார்த்த பிறகே அவிழ்க்க வேண்டும். குட்டி மணக்கும்போது நாய் எழும்பாமல் படுத்தே கிடப்பதும், உறுமல் கேட்டவுடன் குட்டி தானாக விலகுவதும் தொடர்ந்து இரண்டு கிழமை நடந்தால், கயிறில்லாமல் விடலாம், நீங்கள் முற்றத்தில் நிற்கும்போது மட்டும்.