கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே: நோயாளி கீழே விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வார்டில் விழும் நோயாளிகளில் பலர் கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடைப்பட்ட பத்தடி தூரத்தில்தான் விழுகிறார்கள். உடனிருப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று தாமே எழுந்து போகும் பெரியவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். பணிக்குப் புதிதாக வந்த செவிலியருக்கும், நோயாளியுடன் தங்குபவருக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன்.

முதல் படி, விழும் வாய்ப்பை மதிப்பிடுவது. செவிலியல் ஆய்வாளர் ஜேனிஸ் மோர்ஸ் குழுவினர் 1989-இல் வெளியிட்ட அளவுகோல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அண்மையில் விழுந்திருந்தால் 25, ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் 20 என்று மதிப்பெண் இட வேண்டும். நடை, மனத்தெளிவு ஆகியவற்றுக்கும் தனி மதிப்பெண் உண்டு. கைத்தடி வைத்திருப்பவருக்கு 15 தரும் இந்த அளவுகோல், மேசையையும் கட்டில் கம்பியையும் பிடித்துப் பிடித்து நடப்பவருக்கு 30 தருகிறது. வயதுக்கு இதில் மதிப்பெண்ணே இல்லை என்பதால், இளையவர்தானே என்று யாரையும் விட்டுவிட முடியாது. மொத்த மதிப்பெண் 45-ஐத் தொட்டுவிட்டால் ஆபத்து அதிகம் என்று பல மருத்துவமனைகள் கொள்கின்றன.

இரண்டாவது, கட்டில். சக்கரங்களின் பிரேக்கைப் போட்டு, நோயாளி விளிம்பில் அமரும்போது உள்ளங்கால் முழுதாகத் தரையில் படும் உயரத்துக்குக் கட்டிலை இறக்குங்கள். மூக்குக்கண்ணாடி, தண்ணீர், அழைப்பு மணி ஆகியவை கைக்கு எட்டட்டும். நான்கு பக்கக் கம்பிகளையும் ஏற்றிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். குழப்பத்தில் இருக்கும் நோயாளி அதன்மேல் ஏறித் தாண்ட முயன்றால், இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

மூன்றாவது படியைத்தான் பலர் அவசரத்தில் தவிர்க்கிறார்கள். படுத்திருப்பவர் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், கண் இருட்டிக்கொண்டு வரலாம். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு இது எளிதில் நேரும். எனவே முதலில் கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரச் செய்து, பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, தலைசுற்றல் இல்லை என்று உறுதியான பிறகே பிடித்து நிறுத்துங்கள். வேட்டியோ நைட்டியோ பாதத்தில் தட்டாமல் இருக்கட்டும். வழவழப்பான செருப்பு வேண்டாம். டிரிப்ஸ் குழாய் எதிலும் சிக்காமல் இருக்கட்டும்.

இரவில் மணி அடிக்கும்வரை காத்திருக்காமல், உறங்கும் முன்பும் குறித்த இடைவெளிகளிலும் கழிவறைக்குப் போக வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். வழியில் மங்கலான விளக்கு எரியட்டும்; துடைத்த தரை காயும்வரை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் விழுந்துவிட்டால், அக்குளில் கைகொடுத்து உடனே தூக்கிவிடாதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டிருந்தால், அவர் நன்றாகப் பேசினாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிறகு மோர்ஸ் மதிப்பெண்ணைப் புதிதாகப் போடுங்கள்; இதுவரை விழாதவர் என்றால், இப்போது 25 கூடியிருக்கும்.