தவளையைப் புளி போட்டு விளக்கிய கதை: ஜப்பானியப் பித்தளை மேசைப் பொருட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் தவளை அது. காகிதம் பறக்காமல் மேலே வைப்பதற்கான எடை. ஜப்பானில் செய்தது என்று சொல்லி வாங்கினேன். வீட்டுக்கு வந்த அன்றே புளியைக் கரைத்து, குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி தேய்த்துவிட்டேன். முதுகுச் சுருக்கங்களில் பல வருஷமாக ஊறிக் கிடந்த கருமை பத்தே நிமிஷத்தில் காணாமல் போனது. தவளை நேற்று வார்த்ததுபோல் மின்னியது. சேகரிப்பவர் யாரும் அதை இனி நல்ல விலைக்குத் தொடமாட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பித்தளை என்றால் மின்ன வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். ஜப்பானில் அப்படியில்லை. தொயாமா மாகாணத்தின் தகவோகா நகரம் 1611 முதல் வார்ப்புத் தொழிலுக்குப் பெயர் போனது. அங்கே தவிடு சேர்ந்த மிசோ (புளிக்கவைத்த சோயா) விழுதை உலோகத்தின் மேல் பூசிச் சுட்டு, வேண்டுமென்றே நிறம் ஏற்றுகிற முறை உண்டு. நாம் அழுக்கு என்று நினைப்பது சில சமயம் கைவினைஞரின் கடைசி வேலை. அழுக்கு நிஜமாகவே இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். பச்சையாகப் பொடிகிற களிம்பை மட்டும் பல் குத்தும் குச்சியால் சுரண்டலாம்.

அடுத்த தவறு, மஞ்சளாக இருப்பதையெல்லாம் பித்தளை என்று நம்புவது. ஜப்பான் ஏற்றுமதி செய்த சிகரெட் பெட்டிகளும் நகைப் பெட்டிகளும் பலவும் ஈயத்தில் ஆன்டிமனி கலந்து வார்த்து, மேலே முலாம் பூசியவை. பழைய வெண்கலம்போல் தோற்றமளிக்கும் குட்டிப் பென்சில் சீவிகள் அநேகம் துத்தநாகக் கலவை. அவை ஸ்பெயினிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்தவை, ஜப்பானோடு சம்பந்தமே இல்லை. காந்தத்தை வைத்துப் பார்ப்பது பாதி சோதனைதான்; இரும்பைக் காட்டிக்கொடுக்கும், ஈயத்தையும் துத்தநாகத்தையும் காட்டாது.

நான் செய்வது இதுதான். சமையலறைத் தராசில் பொருளை நிறுக்கிறேன்: 252 கிராம். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க மூழ்க விடுகிறேன். தராசு 30 கிராம் காட்டுகிறது. 252-ஐ 30-ஆல் வகுத்தால் 8.4, அதாவது தண்ணீரைப்போல் 8.4 மடங்கு கனம். பித்தளைதான். துத்தநாகக் கலவை என்றால் 6.7-ஐ ஒட்டி வரும். ஈயம் மிகுந்தது 10 பக்கம் போகும். உள்ளே குழிவான பொருளைச் சாய்த்து மூழ்கடியுங்கள், காற்று சிக்கினால் கணக்கு பொய்யாகும்.

முகத்தைப் பார்த்து மயங்கிவிட்டு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுப்பவர்கள்தான் அதிகம். அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டத்தால் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்றானது. அதனால் முதலில் ‘நிப்பான்’ என்று, ஜப்பானியர் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயரைப் பொறித்தார்கள். 1921-இல் அது செல்லாது, ‘ஜப்பான்’ என்றே வேண்டும் என்றார்கள். ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்பது போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலத்து முத்திரை. அந்த ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடிந்தது. கேமரா, டைப்ரைட்டர் வடிவ மேசை லைட்டர்களில் இந்த முத்திரையைப் பார்க்கலாம். முத்திரை இல்லாததாலேயே ஜப்பானியது அல்ல என்று தள்ளிவிடக் கூடாது. உள்நாட்டில் விற்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒட்டிய தாள் லேபிளோ எப்போதோ உரிந்திருக்கும். சித்திர எழுத்தைக் கண்டதும் ஜப்பான் என்று முடிவு கட்டுவதும் ஆபத்து, சீனர்களும் அதே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். வளைந்து நெளியும் ஹிரகனா எழுத்து இருந்தால் தைரியமாக ஜப்பான் எனலாம்.

உருவத்தை வைத்து ஊரைச் சொல்வது இன்னும் மோசம். கண், காது, வாய் பொத்திய மூன்று குரங்குகள் ஜப்பானில் நிக்கோவின் தோஷோகு ஆலயத்துச் சிற்பத்தால் புகழ்பெற்றவைதான். ஆனால் பித்தளையில் அவற்றை நம் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் வார்க்கிறார்கள். தவளையும் அப்படியே. ஜப்பானிய மொழியில் தவளைக்கும் ‘திரும்பி வருதல்’ என்பதற்கும் ஒரே உச்சரிப்பு, ‘கஏரு’. போன காசு திரும்பி வரட்டும் என்று பர்ஸில் குட்டித் தவளை வைத்துக்கொள்கிறார்கள். என் தவளைக்கு அந்தச் சக்தி இருந்ததாகத் தெரியவில்லை.

கரடுமுரடான மேற்பரப்பு பழமைக்குச் சாட்சி என்று எண்ணுவதும் தவறு. 1897-இல் தொடங்கிய தகவோகாவின் ஃபுதகாமி வார்ப்பகம், மணல் அச்சிலிருந்து எடுத்த தோலை அப்படியே விட்டுப் புத்தம் புதிய பித்தளைப் பொருட்களை விற்கிறது. அழகான பொருட்கள், அதில் மறுபேச்சில்லை. இரண்டு வருஷம் மேசையில் கிடந்தால் அவையும் தாத்தா காலத்துப் பொருள்போல் ஆகிவிடும். தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கை படும் மேடுகளும் மேசையில் உரசும் விளிம்பும் தேய்ந்து, பள்ளங்கள் கறுத்திருந்தால் நியாயம். எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

விலை விஷயத்தில், விற்பவர் கேட்கிற தொகையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டிப் பார்த்தால், ஆயிரக்கணக்கில் கேட்கும் பொருளின் இரட்டைப் பிறவி எவ்வளவு மலிவாகப் போயிருக்கிறது என்று தெரியும். எடைக்கு ஏற்ற விலை என்ற கணக்கும் உதவாது. கால் கிலோப் பித்தளை காயலான் கடையில் நூற்றுச் சொச்சம் ரூபாய்தான். கையொப்பம், அதற்கென்றே செய்து எழுத்து எழுதிய மரப்பெட்டி, ஜோடி பிரியாமல் இருப்பது, லைட்டர் என்றால் உள்ளிருக்கும் பாகங்கள் முழுதாக இருப்பது, இவைதான் விலையை ஏற்றுபவை. பற்றவைத்து ஒட்டிய கால் ஒன்று இருந்தால் பாதி விலைக்குக்கூட யோசித்துத்தான் வாங்குவேன்.