லர்ச்சர் நாய்: வேகமா, தம்மா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள் நம் ஊரில். இங்கிலாந்தின் லர்ச்சர் நாய்களிடம் இந்தப் பழமொழி அவ்வளவாகச் செல்லாது. ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, நீண்ட கால் என எல்லாம் ஒன்றுபோல இருக்கும் இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். ஒன்று அரை நிமிடத்தில் நாக்குத் தள்ளி நின்றுவிடும். இன்னொன்று இரண்டு வயல் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

லர்ச்சர் என்பது தனி இனமல்ல, கலப்பு. கண்ணால் பார்த்துத் துரத்தும் கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, டீர்ஹவுண்ட் போன்ற ஓட்ட நாய் ஒருபக்கம். கோலி, பெட்லிங்டன் டெரியர் போன்ற வேலை நாய் மறுபக்கம். இரண்டு பக்கமும் ஓட்ட நாயாகவே இருந்தால் அதற்கு லாங்டாக் என்று வேறு பெயர். வேகத்துக்காக எதைக் கலப்பது, தம்முக்காக எதைக் கலப்பது என்பதில் இந்த நாய் வளர்ப்பவர்களிடையே தீராத வாக்குவாதம் உண்டு. ஒவ்வொருவர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால்.

முதல் குழப்பம் முயலிலேயே தொடங்குகிறது. தமிழில் இரண்டு பிராணிகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஒன்று நம் ஊர்ப் பொட்டல் காட்டிலும் ஓடுகிற வகை. வளை தோண்டாது, புல்லில் சிறு பள்ளம் செய்து படுத்திருக்கும். மற்றது நிலத்துக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் வகை. நாம் கூண்டில் வளர்ப்பது இதன் வழிவந்ததுதான். இங்கே முதலாவதைக் காட்டுமுயல் என்றும் இரண்டாவதைக் குழிமுயல் என்றும் சொல்லிக்கொள்கிறேன். நாயைக் கண்டதும் குழிமுயல் தன் வளையை நோக்கி ஓடும். சில நொடிகளில் ஆட்டம் முடிந்துவிடும். அங்கே வேண்டியது கிளம்பும் வேகம்தான். ஒரு சின்ன விப்பெட் கலப்பே போதும். காட்டுமுயலுக்குப் புகுந்துகொள்ள வளை கிடையாது. ஓட்டம் ஒன்றுதான் அதற்குத் தற்காப்பு. மணிக்கு 70 கிலோமீட்டரை நெருங்கும் வேகம், கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வருவதையும் பார்க்கும் வசதி, உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பெரிய இதயம் (குழிமுயலுக்கு அது சுமார் 0.3 சதவீதம்தான்). குழிமுயல் துரத்துவதில் கெட்டிக்கார நாயைப் பார்த்து "இது காட்டுமுயலுக்கும் ஆகும்" என்று கணக்குப் போடுவது, நூறு மீட்டர் ஓட்டக்காரரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க வைப்பது மாதிரி.

சட்டமும் இதே கோட்டில்தான் பிரிகிறது. 2004இல் இயற்றப்பட்ட வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாயை விட்டுக் காட்டுமுயலைத் துரத்துவது குற்றமானது. நில உரிமையாளரின் அனுமதி இருந்தால் குழிமுயல் பிடிக்கலாம். காட்டுமுயல் துரத்துவதை ஸ்காட்லாந்து 2002இலேயே தடை செய்துவிட்டது. 1836 முதல் லங்காஷரின் ஆல்ட்கார் வயல்களில் நடந்துவந்த காட்டுமுயல் துரத்தும் போட்டியான வாட்டர்லூ கோப்பை 2005உடன் நின்றது. 2022இல் வந்த இன்னொரு சட்டம் தண்டனையை ஆறு மாதச் சிறைவரை உயர்த்தியது; நாய் வளர்க்கவே தடை விதிக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. "என் நாய் தானாக ஓடிவிட்டது" என்று எல்லாரும் சொல்கிற சாக்கை நம்பி யாரும் வயலில் இறங்க வேண்டாம். (நம் நாட்டிலும் கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம்.) இன்று ஒரு லர்ச்சர் சட்டப்படி ஓடுவது குழிமுயலுக்குப் பின்னால், அல்லது கயிற்றில் இழுபடும் போலி இரைக்குப் பின்னால். இல்லையென்றால் வீட்டு சோஃபாவுக்கும் பூங்காவுக்கும் இடையில். அங்கேயும் வேகம், தம் பற்றிய தவறுகள் நாயைத்தான் பாதிக்கின்றன.

அடுத்த தவறு, ஸ்டாப்வாட்சை நம்புவது. பிரிட்டனின் பந்தயத் தடங்களில் 480 மீட்டர் வழக்கமான தூரம். நல்ல கிரேஹவுண்ட் அதை 30 நொடிக்குள் முடித்துவிடும். ஆனால் அங்கே இரை தண்டவாளத்தில் ஓடும் ஒரு பொம்மை. அது எந்தப் பக்கம் போகும் என்பது நாய்க்கு முன்பே தெரியும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள காட்டுமுயல் நாயின் மூச்சு முதுகில் படும் நொடியில் சட்டென்று பக்கவாட்டில் வெட்டும். முப்பது கிலோ நாய் அந்த வேகத்தில் திரும்ப முடியாமல் பத்து மீட்டர் தாண்டிப் போய், சமாளித்து, திரும்பி, மறுபடி முழு வேகம் எடுக்க வேண்டும். உடலில் உள்ள இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்போம். அதனால் ஒவ்வொரு பிரேக்கும் ஒவ்வொரு புறப்பாடும் நாயின் சேமிப்பிலிருந்து பெருந்தொகையை எடுத்துவிடுகின்றன. கொஞ்சம் மெதுவாக ஓடினாலும், முயல் வெட்டப்போவதை ஊகித்து முன்கூட்டியே உடலைச் சாய்க்கத் தெரிந்த நாய் அவ்வளவு செலவழிப்பதில்லை. அதைத்தான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "என்ன தம்" என்கிறார்கள். என் கணிப்பில், தம் என்று புகழப்படுவதில் பெரும்பங்கு இந்தச் சிக்கனம்தான்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்தேயிருந்தது. நாய்களை விட்டு முயலைத் துரத்தும் ஆட்டத்துக்குக் கோர்சிங் என்று பெயர். 1858இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய கோர்சிங் கழகத்தின் ஆட்டத்தில் முயலைப் பிடித்ததற்கு மட்டும் வெற்றி கிடைக்காது. முதலில் நெருங்கிய வேகத்துக்குப் புள்ளி, முயலை முழுதாகத் திருப்ப வைத்தால் ஒரு புள்ளி, பாதி திருப்பினால் அரைப் புள்ளி என்று குதிரைமேல் இருந்த நடுவர் கணக்கு வைப்பார். அயர்லாந்தில் இன்றும் அனுமதிக்கப்பட்டிருக்கும் அடைப்புத் திடல் ஆட்டம் வேறு மாதிரி. 1993 முதல் நாய்க்கு வாய்க்கவசம் கட்டாயம். முயல் திடலின் மறுமுனையில் உள்ள தப்பும் இடத்தை நோக்கி ஓடும். அங்கே அனேகமாக வேகம் ஒன்றே பேசும். ஆடுகளத்தைச் சொல்லாமல் "வேகம் பெரிதா, தம் பெரிதா" என்று கேட்டால் பதில் வராது.

கிரேஹவுண்டுக்குத் தம் கிடையாது, இதயம் பலவீனம் என்று நினைப்பது இன்னொரு தவறு. உண்மையில் அதன் இதயம் உடல் அளவோடு ஒப்பிட்டால் மற்ற நாய்களைவிடப் பெரிது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு பாதிக்கு மேல் போகும். அதனால் ரத்த தானம் கொடுக்கும் நாய்களாகக்கூட அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். சிக்கல் தசையில் இருக்கிறது. அது பெரும்பாலும் வேகமாகச் சுருங்கும் வகைத் தசை; கையிருப்பை ஒரே மூச்சில் எரித்துவிடும். அதோடு உடல் சூடு. ஓட்டம் முடிந்த கிரேஹவுண்டின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் ஆற வேண்டும். அதனால்தான் இதயத்துக்கு இன்னும் தெம்பு இருக்கும்போதே உடம்பு ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது.

அப்புறம் கலப்புக் கணக்கு. டிகாக்‌ஷனில் பால் ஊற்றுகிற மாதிரி, "முக்கால் பங்கு கிரேஹவுண்ட் வேகம், கால் பங்கு கோலி தம்" என்று அளந்து ஊற்றலாம் என நினைக்கிறார்கள். கிரேஹவுண்டையும் கோலியையும் நேராகச் சேர்த்த முதல் தலைமுறைக் குட்டிகள் ஓரளவு ஒன்றுபோல வரும். அந்தக் கலப்புகளையே மறுபடி ஒன்றோடொன்று சேர்த்தால் ஒரே ஈற்றில் ஒன்று தாத்தா மாதிரியும் மற்றொன்று பாட்டி மாதிரியும் வரும். காகிதத்தில் எழுதிய பங்கு குட்டியின் உடம்பில் அப்படியே இறங்காது. இதற்கு விப்பெட் நல்ல பாடம். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரு மாற்றம் சில விப்பெட்களில் இருப்பதை 2007இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒரு பிரதி இருந்தால் நாய் கூடுதல் வேகம். இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் பயில்வான் மாதிரி தசை திரண்ட புல்லி விப்பெட் பிறக்கும். அது பந்தயத்துக்கு ஆகாது. வேகமான இரண்டைச் சேர்த்தால் இன்னும் வேகமானது வரும் என்று நம்பியவருக்கு, அந்த இரண்டும் ஒவ்வொரு பிரதி வைத்திருந்தால், சராசரியாக நான்கு குட்டிக்கு ஒன்று இப்படி வந்து நிற்கும்.

தம் வேண்டும் என்பவர்கள் சலூக்கி ரத்தத்தைத் தேடுவார்கள். கேம்பிரிட்ஜ்ஷர், லிங்கன்ஷர் பக்கத்து ஃபென்ஸ் சமவெளியில் வேலியே இல்லாமல் வயல் நீண்டுகொண்டே போகும். காட்டுமுயல் அங்கே வெகுதூரம் ஓடும். பாலைவனத்தில் உருவான நாயின் கலப்பு அந்த மண்ணில் பேர் வாங்கியதில் வியப்பில்லை. ஆனால் தம்மோடு மற்றதும் சேர்ந்தே வரும். சலூக்கி கலப்பு மெதுவாகத்தான் முதிரும். கூப்பிட்டால் உடனே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதன்முறை நாய் வளர்ப்பவர் அதை வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிட்டால், அந்தத் தம்மே அதைத் தூரத்துச் சாலைவரை கொண்டுபோய்விடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. பாதியில் நின்றுவிடும் நாயை அங்கே 'ஜாக்கர்' என்று இழிவாகச் சொல்வார்கள். அந்தப் பெயர் விழுந்த நாய்க்கு மதிப்புப் போய்விடும். கைமாறிக் கைமாறி, கடைசியில் காப்பகத்துக்கோ தெருவுக்கோ வந்துவிடும். அது ஏன் நின்றது என்று யாரும் பார்ப்பதில்லை. தொடையின் உட்புறத் தசை கிழிந்திருக்கலாம், விரல் மூட்டு நழுவியிருக்கலாம், முன்கால் மணிக்கட்டு வீங்கியிருக்கலாம். நேராக ஓடும்போது இவை தெரியாது. திரும்பும்போதுதான் உயிர் போகிற மாதிரி வலிக்கும். வலிக்கிற நாய் திருப்பத்தைத் தவிர்க்கும், பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். இன்னும் பல நாய்களை ஒரு வயது ஆகும் முன்பே ஓட விட்டிருப்பார்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடாத வயதில், தன்னால் எட்டவே முடியாத இரையின் பின்னால் திரும்பத் திரும்ப விட்டால் எந்தக் குட்டிக்கும் மனசு விட்டுப்போகும். தம் இல்லாத நாய் என்று தள்ளுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது செலவு குறைந்த வழியும்கூட.

பயிற்சியில் நடக்கும் தவறு எளிது, எல்லாரும் செய்வது. வாரம் முழுக்க சோஃபாவில் படுத்திருந்த நாயை ஞாயிற்றுக்கிழமை காலையில் முழு வேகத்தில் விடுவது. ரத்தத்தில் என்ன இனம் இருந்தாலும் பழக்கமில்லாத தசை தாங்காது. சில வாரங்கள் கயிற்றோடு நடை, அப்புறம் சீரான மெல்லோட்டம், அதற்குப் பிறகே குறுகிய வேக ஓட்டங்கள், நடுவில் ஓய்வு நாள் என்று போக வேண்டும். ஓடுவதற்குச் சற்று முன் வயிறு நிறையச் சாப்பாடும் வேண்டாம். ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம், அது சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும்.

ஓடி முடித்ததும் "இன்னொரு ரவுண்டு" என்று கேட்காதீர்கள். நாய் கேட்கும், அதற்குத் தன் உடம்பு தெரியாது. மூச்சிரைப்பு அடங்கும்வரை மெதுவாக நடத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, வெயில் நாளானால் உடம்பில் தண்ணீர் ஊற்றி ஆற்றுங்கள். அன்றோ மறுநாளோ சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ, முதுகும் பின்தொடையும் கல்லாக இறுகிப்போனாலோ, தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.