வகுப்பறையில் விசுவாசம்: கிறிஸ்தவ ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே காலத்திலிருந்து, குமரி மாவட்டத்தில் சபையும் பள்ளியும் கூடவே வளர்ந்தன. அதனாலேயே சில பழக்கங்களை நாம் யோசிக்காமல் செய்துவிடுகிறோம். கரும்பலகையில் தினமும் வசனம் எழுதுகிற அதே டீச்சர், விடைத்தாளைத் தூக்கி எறிந்தால் பிள்ளைகள் மனசில் எது நிற்கும்?

எனக்கு மிக மோசமாகப் படுவது, ஜெபத்தை வைத்துப் பிள்ளையைக் குத்துவது. "ஆண்டவரே, கணக்கில் ஃபெயிலான இந்தப் பையனுக்குப் புத்தியைக் கொடும்" என்று வகுப்பே கேட்க ஜெபித்தால், கண்ணை மூடிக்கொண்டு திட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். அப்பா குடிக்கிறார் என்று பிள்ளை தனியாகச் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் ஜெபக்குறிப்பாக்குவதும் இதே ரகம். வீட்டில் முழங்கால் போட்டு அந்தப் பெயரைச் சொல்லலாமே, யார் தடுத்தது?

அப்புறம், கட்டாய மன்னிப்பு. ஒருவன் இன்னொருவன் பேனாவைப் பிடுங்கி உடைத்துவிட்டான். "இயேசு மன்னித்தார் அல்லவா, நீயும் கை கொடு" என்று மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறோம். அடிபட்டவனுக்கு இது இரண்டாவது அடி. லூக்கா 19-ல் வரிவசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். முதலில் பேனா வரட்டும்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் ஏறக்குறைய 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47 சதவீதம். நெற்றியில் நாமம் இட்ட, வைகுண்ட சாமியைப் பின்பற்றும் அய்யாவழிப் பிள்ளையும் நம் பெஞ்சில்தான் இருக்கிறது. அது ஜெபத்தில் கண்ணை மூடவில்லை என்றால் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசு உதவிபெறும் பள்ளியானாலும், அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியானாலும், பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுபிள்ளையை வழிபாட்டிலோ மதபோதனையிலோ சேர்க்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வரலாற்றுப் பாடத்தில் நம் ஆசை எட்டிப் பார்க்கும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை மிஷனரிகளின் கதையாக மட்டுமே நடத்துவோம். மீட் ஐயர் போன்றவர்களின் பங்கு பெரியதுதான். ஆனால் அடி வாங்கியும் சீலையை விடாத பெண்கள் எங்கே? தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்ன வைகுண்ட சாமி எங்கே? திருவிதாங்கூர் அரசின் 1859 உத்தரவு மேலாடைக்கு இடம் கொடுத்தாலும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்த அனுமதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பரிணாமப் பாடத்தை, "மார்க்குக்குப் படி, நம்பாதே" என்று கடப்பதும் பிள்ளையை ஏமாற்றுவதுதான்.

கடைசியாக, கிருபை என்றால் சலுகை என்று நினைப்பது. குலசேகரம் பக்கம் விடியுமுன்னே அப்பாவோடு ரப்பர் வெட்டப் போய்விட்டு வரும் பையன் முதல் பீரியடில் தூங்கினால் அவனை எழுப்பி நிறுத்தாமல், "மக்களே, எத்தனை மணிக்கு எழும்பின?" என்று கேட்கலாம். ஆனால் 28 எடுத்தவனுக்கு 35 போடாதீர்கள். அந்தக் கணக்குகளை மறுபடி சொல்லிக்கொடுத்து, அடுத்த வாரம் இன்னொரு தாள் கொடுங்கள். திருத்தும் வேலை கூடும், சரி. பழைய மார்க்கைப் பதிவேட்டில் அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.