கிரீஸ் கன் பேட்டரி ஆறட்டும், பிறகு சார்ஜ் செய்யலாம்

இயந்திரங்களுக்குக் கிரீஸ் அடிக்க உதவும், பேட்டரியில் இயங்கும் கிரீஸ் கன்னால் வேலை முடித்த கையோடு பேட்டரியைச் சார்ஜரில் மாட்டாமல், கழற்றி அரை மணி நேரம் நிழலில் வைத்து, டெர்மினல்களில் ஒட்டியிருக்கும் கிரீஸைக் காய்ந்த துணியால் துடைத்த பிறகே மாட்டுங்கள். லித்தியம் அயான் பேட்டரியைச் சுமார் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். அடைத்துக்கொண்ட நிப்பிளோடு, அதாவது இயந்திரத்துக்குள் கிரீஸ் செல்லும் சிறு முனையோடு, மல்லுக்கட்டும்போதுதான் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுத்து, தொட்டாலே தெரியும் அளவுக்குப் பேட்டரியைச் சூடாக்குகிறது. (சில கன்களில் அழுத்தம் 10,000 பி.எஸ்.ஐ. வரை ஏறும் என்பதால், அத்தகைய நிப்பிளில் விசையை அழுத்திக்கொண்டே இராமல் நிப்பிளை மாற்றுவதே மேல். ரப்பர் ஹோஸை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது.) பேட்டரியின் வெப்பத்தை உணர்ந்து தானே காத்திருக்கும் சார்ஜர் உங்களிடம் இருந்தால், துடைப்பது மட்டும் போதும்.